மடியில் கட்டிய நெருப்பு

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குப் போகும் சாலையில் சிறிது தூரம் நடந்தால் இருபுறமும் உப்பளங்கள் வந்துவிடும். மாசி பங்குனி மாதங்களில் காலை வெயில் பாத்திகளின்மேல் விழும்போது கண் கூசும். அந்த உப்பளங்களுள் சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பெரியவர் ஒருவர் நமக்கு வெகு காலமாகப் பழக்கம். அவருடைய பிள்ளைகள் இருவரும் நம்மிடம் படித்தவர்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். காப்பி வந்தது, அதைத் தொடவில்லை.

"வாத்தியார் சார், ஒரு மனு எழுதித் தர வேணும்" என்றார்.

உப்பு வரத்து, குத்தகைப் பாக்கி, கால்வாய்த் தூர்வை ஆகியவற்றைப் பற்றி அவருக்காக எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறோம். ஆகையால் காகிதத்தை எடுத்துக்கொண்டு, "யாருக்கு ஐயா?" என்று கேட்டோம்.

"கலெக்டருக்கோ கமிஷனருக்கோ, யாருக்கு எழுதணுமோ அவருக்கு. ஒரு சின்னத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கணும். பெரிசு வேண்டாம். சட்டைப் பையிலே போட்டால் வெளியே தெரியப்படாது. அப்படி ஒன்று."

சென்ற மார்கழியில் அவருடைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பூட்டை உடைத்து நகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். கூலிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் உப்பளத்துக்கும் வீட்டுக்குமாக நடப்பவர் அவர். பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு, இந்தச் "சின்னத் துப்பாக்கி" என்ற வஸ்துவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றில் நேயர்களுக்கும் உபயோகப்படக்கூடியதை இங்கே எழுதுகிறோம்.

பைக்குள் அடங்கும் துப்பாக்கி என்பது மிகப் பழைய சங்கதியன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஹென்றி டெரிஞ்சர் என்ற கொல்லர் உள்ளங்கை அளவில் பிஸ்தல்கள் செய்து விற்றார். ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். 1865-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு வாஷிங்டன் நாடகக் கொட்டகையில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது அந்தக் கொல்லர் பெயர் கொண்ட துப்பாக்கிதான். அதன் பிறகு சுழலும் உருளையுடைய ரிவால்வர்கள் சிறிதாகிக்கொண்டே வந்தன. ஆனாலும் உருளை பருமனானது. பையில் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலை ஒழித்தவர் ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர். யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்ற ஊரில் 1855-இல் பிறந்தவர். அவர் வகுத்த மாதிரிகளைப் பெல்ஜியம் தேசத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலை செய்து உலகெங்கும் அனுப்பியது. 1900-ஆம் வருஷத்து மாதிரியில் தோட்டாக்கள் உருளையில் இல்லாமல், கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடங்கியிருந்தன. துப்பாக்கி தட்டையாகிவிட்டது. 1906-இல் வந்த மாதிரி இன்னும் விந்தை. நாலரை அங்குல நீளம், முந்நூற்றறுபது கிராமுக்குச் சற்று அதிகமான எடை. நம் பள்ளிக்கூடத்தில் மேசைமேல் கிடக்கும் டஸ்டரை விடச் சிறியது. சில வருஷங்களுக்குள் ஐரோப்பாவில் பிஸ்தல் என்பதற்கே பிரௌனிங் என்று சொல்லும் வழக்கம் பல பாஷைகளில் வந்துவிட்டது.

இந்தத் தட்டையான பெல்ஜியம் சரக்கு நம் தமிழ் நாட்டுச் சரித்திரத்தில் புகுந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் துப்பாக்கியின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் குறைவு.

1878-ஆம் வருஷம் லிட்டன் பிரபுவின் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கலாகாது. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு உண்டு. இந்த அவமானம் ஜனங்களை எவ்வளவு சுட்டதென்பதற்கு ஒரு சாட்சி, 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ். அப்போது காங்கிரஸ்காரர்கள் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து ராஜபக்தி பேசிய காலம். அந்த மகா சபையிலேயே ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தவேண்டுமென்று தீர்மானம் வந்து காரசாரமான விவாதம் நடந்தது.

சட்டம் கதவைச் சாத்தினால் சரக்கு ஜன்னல் வழியாக வரும். 1909-ஆம் வருஷம் லண்டனில் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ அமீன் என்பவர் பம்பாய்க்குத் திரும்பினார். அவருடைய பெட்டியின் கள்ள அடித்தட்டில் இருபது பிரௌனிங் பிஸ்தல்கள் இருந்தன. அனுப்பியவர் விநாயக தாமோதர ஸாவர்க்கர். ஒரு பெட்டியின் அடித்தட்டில் இருபது அடங்கின என்றால், தட்டையாகச் செய்ததன் பலன் என்னவென்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி நாசிக் நகரத்தில் ஒரு நாடகக் கொட்டகையில் ஜாக்ஸன் கலெக்டரை அனந்த கான்ஹரே என்ற இளைஞர் சுட்டார். ஜாக்ஸன் மாற்றலாகிப் போகும் தறுவாயில் இருந்தவர், ஸம்ஸ்கிருதம் கற்றவர். கான்ஹரே தூக்கில் இறந்தார். சுட்டது அந்த இருபதில் ஒன்று.

லண்டனில் ஸாவர்க்கருடன் இருந்த வ. வே. சு. ஐயர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். கம்பனையும் குறளையும் ஆராய்ந்து எழுதிய அதே பேனாக் கை, இளைஞர்களுக்குக் குறி பார்த்துச் சுடவும் கற்றுக்கொடுத்தது. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லையில் நின்றுவிடும். நம்மூர் வழியாகத் தெற்கே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய் முடியும் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி அதிக தூரமில்லை. நம் கடற்கரைக்கு இவ்வளவு அருகில் ஒரு அந்நிய ராஜ்யம் இருந்ததென்பதை நம் மாணவர்களுக்குச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

செங்கோட்டை வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911-ஆம் வருஷத் தொடக்கத்தில் லீவு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். ஜூன் 17-ஆம் தேதி காலை மணியாச்சி ஜங்ஷனில், கொடைக்கானலுக்குப் போகிற வழியில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியோடு முதல் வகுப்பு வண்டியில் உட்கார்ந்திருந்தார். மணி பத்தரைக்குமேல். வாஞ்சி வண்டிக்குள் ஏறும் வரையில் அவர் கையில் ஒன்றும் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் நூறு பேர் நடமாடும் இடத்தில் நீண்ட துப்பாக்கியோடு ஒருவன் அந்த வண்டியை நெருங்கியிருக்க முடியுமா? சுட்டபின் அவர் ஓடிப்போய் ஸ்டேஷன் கழிப்பறைக்குள் புகுந்து, அதே பிஸ்தலால் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தைந்து. ஆஷ் துரை அன்றே இறந்தார்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு கோடை விடுமுறையில் நாம் திருநெல்வேலிக்குப் போனபோது அந்த ஸ்டேஷனில் இறங்கினோம். பெயர்ப் பலகையில் "வாஞ்சி மணியாச்சி" என்றிருக்கிறது. பிளாட்பாரத்தில் வெயிலைத் தவிர வேறு கூட்டமில்லை. ஒரு தாயார் குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாஞ்சியின் தேசபக்தியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்று வண்டிக்குள் கணவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் ஞாபகமும், செங்கோட்டையில் காத்திருந்த வாஞ்சியின் இளம் மனைவியின் ஞாபகமும் சேர்ந்தே வந்தன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத நமக்குக் கை வரவில்லை.

சிறியதையே தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியமாயிற்று என்பதை வங்காளத்தின் கதை இன்னொரு விதமாய்க் காட்டுகிறது. 1914-ஆம் வருஷம் ஆகஸ்டு 26-ஆம் தேதி கல்கத்தாவில் ராடா கம்பெனி என்ற ஆயுதக் கடைக்கு வந்த சரக்கில், 50 மௌஸர் பிஸ்தல்களும் 46,000 தோட்டாக்களும் அடங்கிய பெட்டிகள் வழியில் மாயமாய் மறைந்தன. ஜெர்மன் சரக்கான இந்த மௌஸர் பெரியது. அது வைக்கப்பட்டிருந்த மரப் பெட்டியையே கைப்பிடியில் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் சிறு ரைபிள் ஆகிவிடும். 44 பிஸ்தல்கள் வெகு சீக்கிரத்தில் ஒன்பது கூட்டங்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 கொள்ளை, கொலைச் சம்பவங்களில் அவை தலை காட்டின என்றும் ரௌலட் கமிட்டி எழுதியிருக்கிறது. 1915 செப்டம்பரில் பாலேசுவரத்துக்கு அருகில் பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றது மௌஸர்களை வைத்துத்தான். வெளியில் நின்று போர் செய்ய அது நல்ல ஆயுதம். மறைத்துக்கொண்டு கச்சேரிக்குள் நுழைய அது உதவாது.

கச்சேரிக்குள்ளும் கலாசாலைக்குள்ளும் நுழைந்தவர்கள் பெண்கள்! 1931 டிசம்பர் 14-ஆம் தேதி கொமில்லாவில் சாந்தி கோஷ், சுநீதி சௌதுரி என்ற இரு பள்ளிக்கூடச் சிறுமிகள், மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸிடம் விண்ணப்பம் ஒன்றைக் கொடுப்பதுபோல் போய், மேலாடைக்குள்ளிருந்து பிஸ்தலை எடுத்துச் சுட்டார்கள். அடுத்த பிப்ரவரி 6-ஆம் தேதி கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் வாங்க வந்த பீணா தாஸ் கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கிச் சுட்டாள். பட்டதாரி அங்கிக்குள் ரிவால்வர் இருந்தது. ஐந்து குண்டுகளில் ஒன்றும் கவர்னர்மேல் படவில்லை. உபவேந்தர் ஸுஹ்ரவர்த்தி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார். பட்டமளிப்பு மண்டபத்தில் அங்கி அணிந்து நின்ற அனுபவம் நமக்கும் உண்டு. அந்த அங்கிக்குள் ஒரு வாழைப்பழத்தை ஒளித்துக்கொண்டு நிதானமாய் நிற்க நம்மால் முடிந்திராது.

மறைத்து வைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்ட இன்னொரு மாதிரி, கோல்ட் கம்பெனியின் 1903-ஆம் வருஷத்துப் பிஸ்தல். இதையும் வகுத்தவர் பிரௌனிங்தான். துப்பாக்கியின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல், எடுக்கும்போது பையின் துணியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே சுத்தியலை உள்ளே அடக்கி மேலே மூடிவிட்டார். சந்திரசேகர ஆஸாத் 1931 பிப்ரவரி 27-ஆம் தேதி அலகாபாத் ஆல்பிரெட் பார்க்கில் தனியாக நின்று கடைசித் தோட்டா வரையில் போராடியது கோல்ட் பிஸ்தலோடுதான். அது அலகாபாத் கண்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு வீரத்தையும் எழுதிவிட்டு மற்றொன்றை எழுதாமல் விட்டால் அது அயோக்கியத்தனம். 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி சாயங்காலம் டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு நடந்து வந்த கிழவருக்கு முன்னால் ஒருவன் வணங்குவதுபோல் குனிந்தான். அவனிடம் இருந்தது இத்தாலியில் செய்த பெரெட்டா. ஒரு சாணுக்கும் குறைந்த நீளம். மூன்று முறை சுட்டான். தோட்டத்தில் கூடியிருந்த நூற்றுக்கணக்கானவர்களில் யாருக்கும் அதற்கு முந்திய விநாடி வரையில் அது தெரியவில்லை. அந்நியனுக்கு எதிராகத் தட்டையாயும் சிறிதாயும் இருந்த அதே சௌகரியம்தான் அன்று மகாத்மாவின் மார்புக்கு எதிராகவும் உதவியது. இரும்புக்குக் கட்சி கிடையாது.

பெரியவரின் மனுவை நாம் மறக்கவில்லை. சுதந்திர இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய உரிமைப் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாயிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கவேண்டுமென்று வாதித்தார். அம்பேத்கர் இசையவில்லை, சேர்க்கப்படவில்லை. மகாத்மா மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்து, 1962 அக்டோபரில் அமலாயிற்று. வெள்ளையனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்பது போயிற்று. லைசென்ஸ் என்பது இருக்கிறது. அதைக் கொடுப்பவர் ஜில்லா கலெக்டர் அல்லது நகரப் போலீஸ் கமிஷனர். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குக் கிடையாது. போலீசார் விசாரணை செய்து அறிக்கை அனுப்பவேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதிலும் விசாலமான தேர்வில்லை. 9 மில்லிமீட்டர், .38 போன்ற அளவுகள் சாதாரண ஜனங்களுக்குத் தடுக்கப்பட்டவை. .32-ம் .22-ம் கிடைக்கும். 2014-இல் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். டில்லியில் 2012-இல் கொடுமைக்குள்ளான பெண்ணை நினைவூட்டும் பெயர் அது. எத்தனை ஏழைப் பெண்கள் ஒரு லட்சம் கொடுத்து அச்சத்தைப் போக்கிக்கொள்வார்களோ! பின்னர் ஈஷாப்பூர் தொழிற்சாலை "நிடர்" என்ற .22 ரிவால்வரைச் செய்தது. அதன் எடை சுமார் 250 கிராம்.

வாங்கின பிறகு, இன்னும் சிறிதாக்கலாமே, குழலை அறுக்கலாமே, பட்டறையில் கொடுத்து அங்கே இங்கே அராவி வாங்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். பெரியவருக்கும் தோன்றியது, படூர்ப் பக்கத்தில் நல்ல லேத்துப் பட்டறைக்காரர் இருக்கிறார் என்றே சொன்னார். அவசரமாய்த் தடுத்தோம். குழலைக் குறைப்பதும், விளையாட்டுத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதும் அதற்கென லைசென்ஸ் இல்லாதவர் செய்தால் குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்கும்படி கணக்கிட்டுச் செய்த இரும்பு அது. லேத்துக்காரருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளும்போது போவது வாங்கினவருடைய விரல்கள்.

வேடிக்கை என்னவென்றால், மறைத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்ற பெரியவரின் ஆசை ஒன்றுதான் சட்டத்துக்கு முழுச் சம்மதம். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி கைத்துப்பாக்கியைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகிறவர், அதற்கென்று அமைந்த உறையில் வைத்து உடம்போடு சேர்த்து, வெளியில் தெரியாமல் முழுதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டினால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வடதேசத்துச் சூரர்களை நினைத்துச் செய்த விதி போலும். தேர்தல் வந்து ஒப்படைக்கச் சொன்னாலோ, போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் தேர்தல் முடியும் வரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

நாம் பள்ளிக்கூடத்தில் தேசிய மாணவர் படையைச் சில வருஷங்கள் கவனித்து வந்தோம். முகாம்களில் .22 ரைபிளால் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். தரையில் படுத்துக்கொண்டு, இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தோளில் ரைபிளை அழுத்தி, மூச்சை அடக்கி, 25 மீட்டரில் அசையாமல் நிற்கும் காகிதத்தை நோக்கிச் சுடுவது. முதல் தடவை நாம் சுட்ட ஐந்தில் இரண்டு காகிதத்திலேயே படவில்லை. ஹவில்தார் மரியாதைக்காகச் சிரிக்கவில்லை. மூன்றடிக்கு மேல் நீளமுள்ள ரைபிளுக்கே இந்தக் கதி. மூன்று அங்குலக் குழலை ஒரு கையில் பிடித்து, இருட்டில், பயத்தில், ஓடிவரும் ஒருவனை நோக்கிச் சுட்டால் குண்டு யாரைத் தேடிப் போகும்? பீணா தாஸுக்கு ஐந்தும் தவறிற்று. அவள் தைரியத்தில் நம்மில் யாருக்கும் குறைந்தவளல்ல.

மறு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். இந்த விவரங்களையெல்லாம் சொன்னோம். விலையைக் கேட்டபோது மட்டும் புருவத்தை உயர்த்தினார், மற்றவற்றுக்குத் தலையாட்டினார்.

"ராத்திரி வீட்டிலே இதை எங்கே வைப்பீர்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"தலையணைக்கு அடியிலேதான். வேறே எங்கே?"

அந்தத் தலையணையில் அவரோடு யார் படுத்துக்கொள்வது என்பது நமக்குத் தெரியும். பெரிய மகனுடைய பையன், நாலு வயது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பி, கைபேசி எதையும் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. நாம் அந்தப் பையனின் பெயரைச் சொன்னோம், வேறொன்றும் சொல்லவில்லை. பெரியவர் வெகு நேரம் உப்பளத்துப் பக்கமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்புப் பெட்டியிலே பூட்டி வைக்கலாம், சார்."

"வைக்கலாம். திருடன் வந்தால் சாவியைத் தேடும் வரையில் காத்திருப்பானா?"

இதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் சம்பளம் பாங்கியிலே விழுகிற மனுஷர். கூலிப் பணத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே நடந்து பாருங்கள், தெரியும்" என்றார். அது நியாயமான கோபம். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கேட்டபடி மனுவை எழுதிக் கொடுத்தோம். காரணம் என்ற இடத்தில் "தற்காப்பு" என்று எழுதினோம். அவர் அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, உப்புக் கணக்குப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரங்கள் ஆகின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் பார்த்தபோது, கூலியாட்களின் பணத்தை அவரவர் பாங்கிக் கணக்கில் போட்டுவிட மகன் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். வாசலுக்கு விளக்கும் வெளிக் கதவுக்கு இரும்புக் கிராதியும் போடுகிறாராம்; படூர்ப் பட்டறைக்காரரிடம்தான் சொல்லியிருக்கிறாராம். மனு என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. அவராகவே, "அது புஸ்தகத்திலேயே இருக்கு, சார்" என்றார்.